ட்ரெமலோ கிட்டாரை ஒரு கட்டை இறக்க: மரத்துண்டு வச்சு அடைக்கணுமா, ஸ்பிரிங்கைத் தளர்த்தணுமா?

டவுன்_ரிதம்:
ஃப்ளாய்ட் ரோஸ் கிட்டார் (கம்பியைத் தாங்குற பிரிட்ஜ் ஸ்பிரிங் பலத்துல மிதக்கும், கைப்பிடியால அசைக்கலாம்), 10-46 செட் (மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடிச்சது 0.046). ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கணும், கோயில் கொடை மேடைக்கு. ஆறாம் கம்பியை இறக்கினா மத்த அஞ்சும் ஏறுது. எல்லாத்தையும் இறக்கி முடிச்சா பிரிட்ஜ் பின்னால குழிக்குள்ள சாஞ்சு கம்பி கழுத்துல குறுக்கே பதிச்ச ஃப்ரெட்ல பட்டு இரையுது. என்ன வழி?

பாளை_செட்டப்:
ஒரு கட்டை இறக்கினா கம்பியோட இழுவிசை சுமார் 21% குறையும். அந்த செட் ஈ-யில மொத்தம் 47 கிலோ போல இழுக்கும், டி-யில 37 தான். ஸ்பிரிங் மட்டும் பழைய 47-க்கு ஈடா இழுத்துக்கிட்டே நிக்குது. அதைத் தளர்த்தணும்.

பின்மூடியைக் கழத்துங்க. கழுத்து முனையில கம்பியைப் பூட்டுற லாக்கிங் நட்டைத் திறந்து, பிரிட்ஜ்ல இருக்கிற ஃபைன் ட்யூனர் திருகை எல்லாம் நடுவுல வைங்க. பிரிட்ஜ் உடம்புக்கு இணையா நிக்கிற மாதிரி, பிரிட்ஜுக்கு அடியில இருக்கிற உலோக பிளாக்குக்கும் குழியோட கழுத்துப் பக்கச் சுவருக்கும் நடுவுல ஒரு மரத்துண்டைச் செருகுங்க. இப்ப டி-க்கு ட்யூன் பண்ணினா ஒரு கம்பி இன்னொண்ணைக் கலைக்காது. அப்புறம் ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிற க்ளா தகட்டோட ஸ்க்ரூ ரெண்டையும் சமமா அரை அரைச் சுத்தாத் தளர்த்திக்கிட்டே வாங்க. மரம் தானா விழுற இடந்தான் சமநிலை. 11-49 போட்டா குறைஞ்ச இழுவிசையில ஏறக்குறைய பாதி திரும்பக் கிடைக்கும்.

வண்ணார்பேட்டை_லீட்:
அண்ணாச்சி, அந்த மரத்தை ஏன் எடுக்கணும்? மேடையில ஒரு கம்பி அறுந்தா மிதக்குற பிரிட்ஜ்ல மத்த அஞ்சும் சுருதி ஏறிப் பாட்டே நின்னுபோவும். மரம் இருந்தா அஞ்சும் அப்படியே நிக்கும். ஆறாம் கம்பியை மட்டும் இன்னும் ஒரு கட்டை இறக்குனாலும் மத்தது அசையாது. தேக்குத் துண்டை இடைவெளியை அளந்து இழைச்சு வைங்க. க்ளாவைத் தளர்த்தவே வேண்டாம்.

பாளை_செட்டப்:
கைப்பிடியை மேல இழுத்து சுருதி ஏத்துறது போயிரும். பிரிட்ஜ் அதிர்ற நடுக்கமும் போயிரும். அதுக்குத்தானே மிதக்குற பிரிட்ஜ் வாங்குறது! அதை அடைச்சுட்டு வாசிக்கிறதுன்னா அசையாத பிரிட்ஜ் உள்ள ஹார்ட்டெயில் கிட்டாரே போதுமே.

வண்ணார்பேட்டை_லீட்:
கீழ அழுத்துறது இருக்கே அண்ணாச்சி. முழுச் சாய்வு கிடைக்கும். ரெண்டு கம்பியைப் பிடிச்சு ஒண்ணை மட்டும் வளைச்சாலும் மத்தது இறங்காது. மிதக்குறதுல அது நடக்காது.

பாளை_செட்டப்:
அது சரிதான், ஒத்துக்கிடுதேன். ஆனா ஸ்பிரிங் கம்பியை விடக் கொஞ்சம் கூடுதலா இழுக்கணும். ரெண்டும் சமமா இருந்தா கையை எடுத்ததும் பிளாக் மரத்துல சரியா உக்காராது, சுருதி நிலைக்காது.

தென்காசி_ஃப்ரெட்:
ரெண்டு பேரும் கழுத்தை விட்டுட்டீங்க. இழுவிசை குறைஞ்சா கழுத்து பின்னால நிமிரும். முதல் அஞ்சு ஃப்ரெட்ல மட்டும் இரைச்சல்னா அதுதான் காரணம், பிரிட்ஜை உயர்த்தித் தீராது. கழுத்துக்குள்ள அதோட வளைவைச் சரிபண்ற ட்ரஸ் ராடைக் கால் சுத்து தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்க. கனமான கம்பி போட்டா இன்டொனேஷனும் (மேல் ஃப்ரெட்லயும் சுருதி சரியா இருக்கான்னு) பாக்கணும், பிரிட்ஜ்ல கம்பி உக்காருற சேடிலைப் பின்னால நகர்த்த வேண்டி வரும். பூட்டு இல்லாத சாதா நட் உள்ள ஸ்ட்ராட் மாதிரி கிட்டார்னா, 52 போல தடிச்ச கம்பி நட் பள்ளத்துல இறுகி, ட்யூன் பண்ணும்போது டிங்குன்னு தாவும். பள்ளத்தை அகலமா அராவணும், ஆழமா இல்ல.

டவுன்_ரிதம்:
மரத்தை பிளாக்குக்குப் பின்னால, வால் பக்கம் வச்சுப் பாத்தேன். நிக்கலையே?

வண்ணார்பேட்டை_லீட்:
அது கீழ அழுத்துறதைத் தடுக்குற பக்கம். ஸ்பிரிங் இருக்குற பக்கம் மாத்தி வைங்க.