ஹெலிகாப்டர் பைலட் ஆகணும், பணத்துக்கு என்ன வழி?

அண்ணன்களே, நான் சேலம் அஸ்தம்பட்டி. பிசிக்ஸ், மேத்ஸோடு பிளஸ் டூ முடித்துவிட்டேன். ஏற்காட்டில் இருக்கும் மிளகுத் தோட்டத்தை வைத்து லோன் போடலாமா என்கிறார் அப்பா. அம்மா முகம் கொடுத்தே பேசுவதில்லை. என்ன செய்ய?

ஓமலூர்க்காரன்: தம்பி, முதலில் மெடிக்கல். டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல், அப்புறம் அதைவிடக் கடுமையான கிளாஸ் 1. அதில் தேறாமல் எந்த ஸ்கூலுக்கும் அட்வான்ஸ் கட்டாதே. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 18 வயது ஆகியிருக்கணும், 150 மணி நேரம் பறந்திருக்கணும். சின்ன விமானத்தைவிட ஹெலிகாப்டருக்கு மணிக்கு ஆகும் செலவு ரொம்ப அதிகம், அதனால்தான் தோட்டம் வரைக்கும் பேச்சு போகிறது.

சேர்வராயன்: லைசென்ஸ் வாங்கினதும் வேலை என்று எவனாவது சொன்னால் நம்பாதே. மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய்க் கிணறுகளுக்குப் பறக்கும் கம்பெனிகள் அனுபவம் கேட்கும், ராணுவத்தில் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் அந்த அனுபவத்தோடு உனக்கு முன்னால் நிற்பார்கள். பேசாமல் முப்படை அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. நுழைவுத் தேர்வு எழுது, பயிற்சிச் செலவு அரசாங்கத்துடையது. ஹெலிகாப்டர்தான் கொடுப்பார்கள் என்று உறுதி இல்லை, அது வேறு.

கேட்டவன்: கண்ணாடி போட்டிருக்கேண்ணா.

ஓமலூர்க்காரன்: சிவில் லைசென்ஸுக்குக் கண்ணாடி தடை இல்லை, போட்டால் பார்வை சரியாக இருக்கணும், அவ்வளவுதான். விமானப்படையில்தான் கெடுபிடி.