முதிரை வெனியர்: ஒரு கதவு மின்னுகிறது, மற்றது மங்கல். ஏன்?

உவர்மலைவாசி:
வணக்கம். திருகோணமலை வீட்டில் அலுமாரிக்கு இரண்டு கதவு செய்கிறேன். பிளைவுட்டில் முதிரை வெனியர், அதாவது முதிரை மரத்தை மெல்லிய தாளாகச் சீவியது, ஒட்டியாயிற்று. புத்தகத்தை விரிப்பது போல ஒரு தாளைப் புரட்டி, மற்றதன் பக்கத்தில் வைத்தேன். சீலர் (மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) அடித்துச் சுவரில் சாத்திய பிறகுதான் வில்லங்கம். இடது கதவு பொன் மஞ்சளாக மின்னுகிறது, வலது மங்கல். நடுவில் இடப்பக்கம் பளிச்சென்ற பட்டை, வலப்பக்கம் அதே பட்டை இருண்டு நிற்கிறது. கடைக்காரர் வேறு மரத்துத் தாளைக் கலந்துவிட்டாரோ? பிணைச்சல், பூட்டு இன்னும் போடவில்லை.

மரத்தூள்:
சீலர் சமமாக விழவில்லை போல. சாண்ட்பேப்பர் போட்டுத் திரும்ப அடியுங்கள்.

கிண்ணியா ஓடாவி:
சாண்ட்பேப்பரைத் தொடாதீர்கள் தம்பி! வெனியர் அரை மில்லிமீற்றர் இருந்தாலே பெரிசு, பிளைவுட் தெரிந்துவிடும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொடுக்கும். முதலில் ஒன்று சொல்லுங்கள்: இரண்டு தாளிலும் கறுப்புப் பிசின் கோடு இருக்கிறதா?

உவர்மலைவாசி:
இருக்கிறது நானா. மேலிருந்து ஒரு சாண் கீழே, இரண்டிலும் எதிரெதிராக.

கிண்ணியா ஓடாவி:
அப்போ ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவிய தாள்கள்தான். கடைக்காரர் பாவம். முதிரையில் நார் நேராக ஏறாது. சில வருட வளர்ச்சி ஒரு பக்கம் சாயும், அடுத்தது மறுபக்கம். அதை ஆரவாக்கில், அதாவது கட்டையின் நடுவிலிருந்து வெளிப்புறம் போகும் திசையில், சீவும்போதுதான் அந்த நாடாப் பட்டைகள் வருகின்றன. ஆனால் பட்டையின் மினுக்கு நிறமல்ல, நார் சாய்ந்திருக்கும் திசை. வெல்வெட் துணியை ஒரு பக்கம் தடவினால் வெளிச்சம், மறுபக்கம் தடவினால் இருட்டு, அந்தக் கதைதான். நீங்கள் புரட்டிய தாளில் சாய்வும் புரண்டுவிட்டது. தேக்கு பெரும்பாலும் நேர் நார், அதில் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டு கதவையும் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். மங்கல் இடம் மாறினால் நான் சொன்னதுதான்.

உவர்மலைவாசி:
மாறிவிட்டது! இப்போது வலதுதான் மின்னுகிறது. ஒட்டியதை உரிக்க வேண்டுமா?

கிண்ணியா ஓடாவி:
உரிக்க வேண்டாம். இடதைப் பழையபடி வையுங்கள், வலதை மட்டும் தலைகீழாக விடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி மின்னும். கண்ணாடிப் பிம்பம் போன்ற பொருத்தம் போய்விடும், பிசின் கோடும் ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே வரும். பட்டைகள் நேர்கோடாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அடுத்த முறை தாளைப் புரட்டாமல் அப்படியே பக்கத்தில் நகர்த்தி ஒட்டுங்கள்.

மரத்தூள்:
பலாவிலும் இப்படி வருமா?

கிண்ணியா ஓடாவி:
பலாவில் நிறமே மாறும். இன்று மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டுக் கபிலமாகும். அது வேறு விசயம்.

உவர்மலைவாசி:
வலதைத் திருப்பி நிறுத்தினேன், சரியாகிவிட்டது. பிசின் கோட்டை அம்மா மட்டும் கண்டுபிடித்துவிட்டார். நாளைக்குப் பிணைச்சல் பூட்டுகிறேன். நன்றி நானா.