டைட்டில் கம்பெனி கதவை எப்படித் தட்டினீங்க? டெக்சஸ் நோட்டரிகள் உதவுங்க

வணக்கம். டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கேன். நோட்டரி கமிஷன், 10,000 டாலர் பாண்ட் (ஜாமீன் பத்திரம்), சைனிங் ஏஜென்ட் (வீட்டுக் கடன் பத்திரங்கள்ல கையெழுத்து வாங்கித் தர்ற நோட்டரி) பரீட்சை, பின்னணிச் சோதனை எல்லாம் போன மாசம் முடிஞ்சது. லெட்டர், லீகல் அளவுத் தாளுக்குத் தனித்தனி டிரே உள்ள லேசர் பிரிண்டரும் வாங்கியாச்சு.

இதுவரை வந்தது ஒரே வேலை, அதுவும் இடைத்தரகு கம்பெனி மூலமா. 140 பக்கம், ரெண்டு செட் அச்சடிச்சு, 40 மைல் ஓட்டிப் போய், சமையல் மேசையில ஒரு வயசான தம்பதிக்கு ஒவ்வொரு தாளா எடுத்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். 60 டாலர் கிடைச்சது. வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இந்தத் தொகையில தாக்குப்பிடிக்க முடியாது.

வீடு விற்பனை, கடன் பத்திர வேலைகளை முடிச்சுத் தர்ற டைட்டில் கம்பெனிக்கு நேரடியாப் போனா வரவேற்பு மேசையிலயே கார்டை வாங்கி வச்சுக்கறாங்க. அங்க பத்திரம், பணம் கைமாறுறதைக் கவனிக்கற எஸ்க்ரோ ஆபீசரைப் பார்த்துப் பேசினவங்க, முதல்ல என்ன சொன்னீங்க? இங்க ஹோம் ஈக்விட்டி லோன் (சொந்த வீட்டு மதிப்பை வச்சு வாங்கற கடன்) கையெழுத்தை வீட்டில் வச்சு வாங்க முடியாது, அதனால அந்த வழியும் இல்ல. மருத்துவமனை, முதியோர் இல்லங்களில் பவர் ஆஃப் அட்டர்னி வேலை செய்யறவங்க இருந்தாலும் சொல்லுங்க.