குழாய்ப் பள்ளத்தில் கிடைத்த மான் கொம்பு

கோவை பேரூர்ப் பக்கம் பாதாளச் சாக்கடை லைன் போடும் வேலையில் சூப்பர்வைசராக இருந்தபோது நடந்தது. ஆள் உயரப் பள்ளத்தில் ஜேசிபி அள்ளிப் போட்ட மண்ணில், பானை ஓடுகளுக்கு நடுவே விரல் நீளத் துண்டுகள் சில கிடந்தன. "மாட்டுக் கொம்புங்ணா, தள்ளி உடுங்க" என்றார் ஆபரேட்டர்.

மாட்டுக் கொம்பு உள்ளே கூடாக இருக்கும். இவை கெட்டி, நடுவில் மட்டும் பஞ்சு மாதிரி எலும்பு. எங்கள் அம்மிச்சி மான் கொம்பை உரைத்துப் பற்றுப் போடுவார், அதனால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு துண்டின் அடியில் முடிச்சு முடிச்சான வளையம் அப்படியே இருந்தது. மண்டை எலும்பு ஒட்டியிருக்கவில்லை. அப்படியானால் மான் தானாக உதிர்த்த கொம்பு, வேட்டையில் வந்ததல்ல. எல்லாத் துண்டிலும் ரம்பம் அறுத்த தடம். ஆனால் செய்து முடித்த பொருள் ஒன்றுகூட இல்லை.

எனக்கு அதுதான் பிடித்தது. சீப்பையோ கத்திப் பிடியையோ எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கி வரலாம், அறுத்துக் கழித்த துண்டை யாரும் சுமந்து வர மாட்டார்கள். அயர்லாந்தில், டப்ளின் ஹை ஸ்ட்ரீட்டில் 1960களில் தோண்டியபோது கிடைத்த மான் கொம்புக் கழிவை வைத்துத்தான் அங்கே சீப்புத் தொழில் நடந்ததை உறுதி செய்தார்கள். நம் ஈரோடு மாவட்டத்தில் அகழாய்வு நடந்த கொடுமணலும் அப்படித்தான்: துளை போடாத பாசிமணியும் சங்கு அறுத்த மிச்சமும் கிடைத்ததால்தான் அது பட்டறை ஊர் என்று சொல்ல முடிகிறது.

எங்கள் பள்ளத்தில் காலம் சொல்ல வழியில்லாமல் போனது. மேல் மண்ணும் அடி மண்ணும் பக்கெட்டில் ஒன்றாகக் கலந்து வந்துவிட்டால், எந்தத் துண்டு எந்த ஓட்டோடு கிடந்தது என்று யார் சொல்வது? வேலையை அரை நாள் நிறுத்தக் கேட்டேன். மேலே இருந்தவர், "தங்கமா கிடைச்சுது?" என்றார். வெள்ளலூரில் 1842இல் கிடைத்த மாதிரி ரோமானிய வெள்ளிக் காசாக இருந்திருந்தால் ஊரே கூடியிருக்கும், சரி.

துண்டுகளை விஏஓவிடம் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு எடுத்துப் போக ஆசைதான். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உதிர்ந்த கொம்புக்கும் வழக்கு உண்டு. இப்போதெல்லாம் பள்ளத்தில் ஓடு தென்பட்டாலே டேப்பை வைத்து ஆழத்தோடு போட்டோ எடுத்துவிடுகிறேன். சூலூர், வெள்ளலூர்ப் பக்கம் லைன் வேலை பார்த்தவர்கள் யாராவது இப்படிக் கொம்போ எலும்போ பார்த்திருந்தால் சொல்லுங்கள், முக்கியமாக எவ்வளவு ஆழத்தில் என்று.