குளூட்டன் இல்லாத மக்காச்சோளப் பூரண அடை: தட்டும்போதே வெடிக்கிறது, வழி சொல்லுங்கள்

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்):
வணக்கம். என் மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) இருப்பதால், ஓராண்டாக எங்கள் வீட்டுக்குள் கோதுமை, மைதா, ரவை எதுவும் வருவதில்லை. பரோட்டாவுக்கு ஏங்கும் பிள்ளைக்காக, எல் சால்வடோர் நாட்டில் பூபூசா என்ற பெயரில் பயறு மசியலோ பாலாடைக்கட்டியோ உள்ளே வைத்துக் கல்லில் சுடுகிற மக்காச்சோள அடையைச் செய்து பார்க்கிறேன். திட்டக்குடிப் பக்கம் உறவினர் வயலில் விளைந்த காய்ந்த மக்காச்சோளத்தை மாவு மில்லில் அரைத்து, வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். உருண்டை பிடிக்க வருகிறது. ஆனால் உள்ளங்கையில் வைத்துத் தட்டியதும் ஓரமெல்லாம் ஏரி வண்டல் போல வெடித்து, கல்லில் பூரணம் வழிந்து தீய்ந்துவிடுகிறது. மூன்று முறையும் இப்படித்தான் ஆயிற்று. போதாததற்கு, சாப்பிட்ட இரவே மகளுக்கு வயிறு உப்பி வலித்தது. பூரணத்தில் தட்டைப்பயறு, வெங்காயம், பச்சை மிளகாய், பெருங்காயம் மட்டுமே சேர்த்தேன்.

பதில் (நெல்லிக்குப்பம்):
ஒரு பிடி மைதா சேர்த்துப் பிசையுங்கள், விரிசல் நின்றுவிடும்.

கேட்டவர்:
ஐயா, மைதா சேர்க்க முடிந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன்.

பதில் (புதுச்சேரி, முத்தியால்பேட்டை):
சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, மாவுதான் வேறு. அந்நாட்டார் சோளத்தைப் பச்சையாக அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும்போது தோலிலுள்ள நார்ப்பொருள் கரைந்து பசையாகிவிடுவதால்தான், குளூட்டன் இல்லாமலே அந்த மாவு பிடித்து நிற்கிறது.

அரைக் கிலோ மக்காச்சோளத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வைத்து, நிறமும் மணமும் சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பைக் குவித்து ஒரு தேக்கரண்டி எடுத்துக் கரையுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும்; அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். விரலால் நசுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும்வரை, ஏறத்தாழ 40 நிமிடம் கொதிக்கவிட்டு, இரவு முழுவதும் அப்படியே மூடி வையுங்கள். காலையில் நான்கைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வடை மாவுக்குத் தெளிப்பதுபோல் மட்டும் நீர் தெளித்துக் கிரைண்டரில் கெட்டியாக அரையுங்கள். உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது ஓரம் வெடிக்காமல் பள்ளம் விழுந்தால் பதம் சரி. வெடித்தால் கையை நனைத்து இன்னும் பிசையுங்கள். பிறகு கொழுக்கட்டைக்குச் செய்வதுபோல் கிண்ணமாக்கிப் பூரணம் வைத்து மூடித் தட்டலாம்.

வயிற்று வலிக்கு இரண்டு இடங்களில் சந்தேகப்படுகிறேன். உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால், அந்த மாவு இயந்திரத்தில் தங்கி உங்கள் சோளத்தோடு கலந்திருக்கும். ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே அந்தப் பொருளைக் குளூட்டன் அற்றது என்று விற்க முடியாது என்னும்போது, ஒட்டியிருக்கும் மாவைச் சிறிதென்று நினைக்கக்கூடாது. அடுத்தது பெருங்காயம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். அதில் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்புறம் படியுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேட்டவர் (நான்கு நாள் கழித்து):
பெருங்காய டப்பாவில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்றே அச்சிட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் படிக்காமல் விட்டதை நினைத்தால் என்மீதே கோபம் வருகிறது. சுண்ணாம்பு பட்டதும் சோளம் மஞ்சள் பூசியதுபோல் நிறம் மாறியது. 12 அடையில் 10 முழுதாக வந்தன. மகள் மூன்று சாப்பிட்டாள், இரவு நிம்மதியாகத் தூங்கினாள். மீதி இரண்டில் மட்டும் பூரணம் கசிந்தது. இன்னொன்று, சோளம் வெந்த மஞ்சள் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

பதில் (முத்தியால்பேட்டை):
பயறு மசியலில் ஈரம் இருந்திருக்கும். வாணலியில் சுருள வதக்கி, ஆறிய பிறகு வையுங்கள். தீயை மிதமாக வைத்துப் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் விடுங்கள். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புக் காரம் மிகுதி. தொட்டிச் செடிக்கு வேண்டாம், சாக்கடையிலேயே ஊற்றிவிடுங்கள்.