ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊர்க்காரர்கள் எப்படித் துணை நிற்கலாம்?

கரும்பலகை:
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, 42 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. பீரோ, மின்விசிறி கேட்டால் ஊரில் வாங்கித் தருகிறார்கள். படிப்புக்கும் உடம்புக்கும் என்ன கேட்கலாம்?

வேம்படி:
நேரத்தைக் கேளுங்கள். "பள்ளிக்கு உதவுங்க" என்றால் யாருக்கும் ஒன்றும் பிடிபடாது. "செவ்வாய், வியாழன் மூன்று மணிக்கு வந்து, ஐந்து பிள்ளைகளோடு 40 நிமிடம் வாசிக்கணும்" என்றால் வருவார்கள். இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளில் தன்னார்வலராக இருந்தவர்களை முதலில் கேளுங்கள்.

பள்ளிக்கு வந்த வாசிப்பு இயக்க நூல்களில், மிக எளிதான 'நுழை' வரிசையில் தொடங்குங்கள். தன்னார்வலர் விரல் வைத்து ஒருமுறை வாசிக்க வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து, அதன்பின் ஒவ்வொருவராக. பிள்ளைகள் அதிகம் இடறுவது கொம்பில்தான்: 'கொடி' என்பது 'கோடி' ஆகிவிடும். வாக்கியம் முடியட்டும். பிறகு இரண்டு சொல்லையும் அருகருகே எழுதி, ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பழகாதவர்கள் பாதி வாக்கியத்திலேயே திருத்துவார்கள். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு வாரம் ஆசிரியர் பக்கத்தில் இருப்பது அவசியம். ஒரு குழுவுக்கு இரண்டு பேர் வைத்தால், ஒருவர் வராத நாளிலும் வாசிப்பு நிற்காது.

தாழ்வாரத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார வையுங்கள். பிள்ளைகளின் படம் யாருடைய ஸ்டேட்டஸிலும் போகக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் எழுதிவையுங்கள்.

மஞ்சப்பை:
காலை உணவு சமைக்கும் சுயஉதவிக் குழு அம்மாக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மிச்சம் வைக்கும் பிள்ளை யார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். வாரம் ஒருமுறை அவர்களிடம் மூன்று பெயர் கேட்டு வாங்கினாலே, பல்வலியா, வீட்டில் பிரச்சினையா என்று உடனே விசாரிக்கலாம்.

கண் பார்வையைப் பெற்றோரே முதல்கட்டமாகப் பார்த்துவிடலாம். பார்வை சோதிக்கும் அட்டையிலிருந்து 6 மீட்டரில், அதாவது 20 அடியில், சுண்ணாம்புக் கோடு போடுங்கள். எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு, ஆங்கில 'ஈ' நாலு பக்கமும் திரும்பி நிற்கும் அட்டை. கையால் திசை காட்டினால் போதும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும், அழுத்தினால் அடுத்து அந்தக் கண்ணே மங்கலாகத் தெரியும். வரிசையில் நிற்பவர்கள் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள், ஆகவே ஒவ்வொருவராக உள்ளே விடுங்கள். சந்தேகமான பெயர்களைப் பள்ளி மருத்துவக் குழுவிடம் கொடுங்கள்.

கரும்பலகை:
கூட்டத்துக்கே ஆள் வராதே?

வேம்படி:
நூறு நாள் வேலை நேரத்தில் வைத்தால் வர மாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களுக்குத் தோதான நேரம் மாலை 5 மணிக்கு மேல்தான். கழிப்பறைத் தண்ணீர், சுற்றுச்சுவர் போன்றவற்றைத் தீர்மானமாக எழுதி, கிராம சபையிலும் வையுங்கள். அடுத்தது அக்டோபர் 2 என்றால், தீர்மானம் செப்டம்பர் கூட்டத்திலேயே தயாராக வேண்டும்.