பகல் நேரத் தொலைக்காட்சி குறித்து ஓர் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். டைபாய்டு காய்ச்சலால் இரண்டு வார மருத்துவ விடுப்பில் பெரம்பூர் வீட்டிலேயே ஓய்வில் இருக்கிறேன். கைப்பேசியைப் பார்த்தால் தலைவலி கூடுவதால், கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தபடியே தள்ளியிருந்து பார்க்கும் தொலைக்காட்சிதான் பகலில் எனக்குத் துணை. ஆனால் பதினொரு மணியிலிருந்து எந்த அலைவரிசைக்குப் போனாலும் குடும்பத் தொடர்களின் அழுகையும் பழிவாங்கலுமே வருவதால், உடல் சோர்வோடு மனச்சோர்வும் சேர்ந்துகொள்கிறது.

பழைய பாடல்களுக்கு முரசு அலைவரிசை இருக்கிறது, அது பெரிய ஆறுதல். எனினும் நான் தேடுவது கர்நாடக இசை, நாட்டுப்புறக் கலைகள், ஆவணப்படங்கள் போன்றவற்றை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலம் முதல் அதன் இசை நிகழ்ச்சிகளை விடாமல் பார்த்த வீடு எங்களுடையது. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாறிய அந்த அலைவரிசையில், இப்போது அவை பகலில் எந்த நேரத்தில் வருகின்றன? அன்றன்றைய நிகழ்ச்சி நிரலைக் காலையிலேயே அறிந்துகொள்ள வழி உண்டா? வீட்டில் கேபிள் இணைப்புதான் உள்ளது. பகலில் வழக்கமாகப் பார்ப்பவர்கள், குறிப்பாக வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் கேட்டாவது, அலைவரிசையையும் நேரத்தையும் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.